கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருந்தது?

அன்பின் அண்ணா,

பிடிபட்டவருக்கும் பிணையும் நியாயமான விசாரணையும் வேண்டும் என்று நீங்கள் போன மாதம் எழுதியதை வாசித்தேன். என் அம்மாவுக்கு 68 வயது. மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியற்காலை கோயிலுக்குப் போகும்போது, மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்த இரண்டு பேர் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தில் நல்ல காயம். முறைப்பாடு கொடுத்து மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு பெடியனைப் பிடித்தார்கள். பதினான்கு நாள் விளக்கமறியல், பிறகு பிணை. இப்போது அவன் எங்கள் ஒழுங்கையாலேயே போய்வருகிறான். அம்மா கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். பொலிஸில் ஒருவர் எங்களிடம் சொன்னார்: "இரண்டு போட்டால் எல்லாம் வரும், ஆனால் இப்ப கை வைக்கேலாது." அதில் என்ன பிழை என்று எனக்கு விளங்கவில்லை. உங்கள் அம்மாவாக இருந்தால், அவனுக்கு நியாயமான விசாரணை வேண்டும் என்று எழுதுவீர்களா?

சி., மானிப்பாய்

*

அன்பின் தங்கை சி.க்கு,

அம்மாவின் காயம் ஆறிவிட்டதா? சங்கிலி போனதைவிட அவர் கோயிலை விட்டதுதான் என்னை வருத்துகிறது. அந்த வயதில் விடியற்காலை நடையும் கோயில் மணியும் பறிபோவது சின்ன விஷயமில்லை.

என் அம்மாவாக இருந்திருந்தால் எனக்கும் கை துடித்திருக்கும். அவனை என்னிடம் விடுங்கள் என்றுதான் கேட்டிருப்பேன். அப்படிக் கேட்கிற ஆளிடம் அவனை விடக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தப் பொலிஸ்காரர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். நமது சான்றுக் கட்டளைச் சட்டம் 1895 ஆம் ஆண்டுக்குரியது. அதன் 25 ஆம் பிரிவின்படி, பொலிஸ் அலுவலரிடம் ஒருவர் "நான்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டதை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் காட்ட முடியாது. இரண்டு போட்டு வாங்கும் வாக்குமூலத்தால் உங்கள் வழக்குக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் 27 ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. சந்தேகநபர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு தொடர்புடைய அளவுக்கு அவர் பேச்சைச் சாட்சியமாக எடுக்கலாம். "சங்கிலி எங்கே?" என்று அடி விழுவது அதனால்தான். எடுத்தவன் என்றால் அடகுக் கடையைக் காட்டுவான். எடுக்காதவன் எதைக் காட்டுவான்? அடி நிற்பதற்காக வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லுவான். அடுத்த நாள் அந்தப் பெயருக்குரிய வீட்டுப் படலையில் ஜீப் நிற்கும்.

வட்டுக்கோட்டையை மறந்துவிட்டோமா? 2023 நவம்பரில் அங்கே பொலிஸார் பிடித்த இளைஞரும் திருட்டுச் சந்தேகத்தில்தான் பிடிபட்டார். தன்னை என்னென்ன செய்தார்கள் என்று அவர் சொல்லும் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சில நாட்களில் இறந்துபோனார். பிறகு பொலிஸார் சிலர் கைதானார்கள். அவர்மீதும் யாரோ ஒருவர் முறைப்பாடு கொடுத்திருப்பார், தன் பொருள் திரும்பி வரவேண்டும் என்பதற்காக மட்டும். அந்த ஆள் இன்றைக்கு எப்படி நித்திரை கொள்கிறார் என்று நான் யோசிப்பதுண்டு. அந்த இடத்தில் உங்களைப் பார்க்க நான் விரும்பவில்லை.

இன்னொன்றையும் கேட்கவேண்டும், கோபிக்காதீர்கள். இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்தப் பெடியன்தான் என்று அம்மா சொன்னாரா, பொலிஸ் சொன்னதா, அல்லது ஒழுங்கையில் பேச்சா? அவன் விளக்கமறியலில் இருந்த அந்தப் பதினான்கு நாளுக்குள் நீதவான் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு, அதாவது பலரை வரிசையில் நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்வது, நடந்திருக்க வேண்டும். நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. இப்போது அவனை அம்மா ஒழுங்கையில் பலமுறை பார்த்துவிட்டார். இனி அணிவகுப்பில் அவனைக் காட்டினாலும், "அயலில் தினமும் பார்த்த முகத்தைத்தானே காட்டினீர்கள்?" என்று அவன் தரப்புச் சட்டத்தரணி கேட்பார், கேட்கத்தான் வேண்டும். உங்கள் வழக்கைப் பலவீனப்படுத்தியது செய்யாமல் விட்ட அந்த வேலை. பிணை கொடுத்த நீதவான் மீது கோபப்பட வேண்டாம். 1997 ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தில் பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு.

நம்முடைய ஆட்களுக்குப் பொலிஸ்மீது நம்பிக்கையில்லை என்று சொல்வது புதுச் செய்தியில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவில் தெருவில் நின்றவர்கள் பொலிஸ்காரர்கள் என்பதை எங்கள் அப்பாமார் கண்ணால் கண்டவர்கள். 2016 ஒக்டோபரில் குளப்பிட்டிச் சந்தியில் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் இறந்தபோது முதலில் வந்த கதை மோட்டார் சைக்கிள் விபத்து. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையில்தான் துப்பாக்கிச் சூடு என்று தெரிந்தது. ஐந்து பொலிஸார் கைதானார்கள். அந்த ஒரு பரிசோதனை நடக்காமல் போயிருந்தால் அது இன்றும் விபத்துதான்.

ஆனால் இதையும் சொல்லாமல் விடமாட்டேன். 2017 ஜூலையில் நல்லூரில் நீதிபதி இளஞ்செழியனின் மெய்ப்பாதுகாவலராக இருந்த சிங்களப் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அவருடைய மனைவியின் காலில் அந்த நீதிபதி விழுந்து அழுத படத்தை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்கு வருகிற கசப்பை அந்தப் படம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தடுத்து நிறுத்துகிறது.

அந்த ஆண்டு செப்டம்பர் 27 ஆம் திகதி, அதே நீதிபதி உட்பட மூன்று தமிழ் நீதிபதிகள், புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருவர் கூட்டு வல்லுறவுக்குள்ளாகிக் கொல்லப்பட்ட வழக்கில், யாழ்ப்பாணத்தில் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தக் கொலை நடந்த 2015 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? ஊரே தெருவில் நின்றது. நீதிமன்றக் கட்டடத்துக்குக் கல் எறிந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். மக்கள் பிடித்துக் கொடுத்த முக்கிய சந்தேகநபர் ஒருவர் எப்படியோ கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார். அவரைத் தப்பவிட்ட சந்தேகத்தில் மூத்த பொலிஸ் அதிகாரி ஒருவரே பின்னர் கைதானார். கோபத்துக்குக் காரணம் இருந்தது. "எங்களிடம் தாருங்கள்" என்று அன்று கத்தியவர்களில் என் நண்பர்களும் இருந்தார்கள்.

தீர்ப்பில் ஏழு பேருக்கு மரண தண்டனை. அதைத்தான் எல்லோரும் சொல்லுவார்கள். எதிரிக் கூண்டில் நின்றவர்கள் ஒன்பது பேர். சாட்சிகளைக் கேட்ட பிறகு இரண்டு பேரை அதே மூன்று நீதிபதிகள் விடுவித்தார்கள். அன்று கூட்டம் கேட்டதைக் கொடுத்திருந்தால் அந்த இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கொடுத்திருப்பார்கள். மற்ற ஏழு பேரின் தீர்ப்பை நான் நம்புவதற்குக் காரணமே அந்த இரண்டு பேர் வீட்டுக்குப் போனதுதான்.

சரி, என் சொந்தக் கதை ஒன்று. சில வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் இருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டர் களவு போனது. ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். நான் தமிழில் சொன்னேன், அங்கிருந்தவர் பாதி விளங்கிச் சிங்களத்தில் எழுதினார். எழுதி முடித்து, கொப்பியை என் பக்கம் திருப்பி, விரலால் ஓர் இடத்தைக் காட்டினார். கையெழுத்து வைத்தேன். மழை வரப்பார்த்தது, வீட்டுக்குப் போக அவசரம். அவ்வளவுதான் காரணம்.

ஒன்றரை வருடம் கழித்து வழக்கு விளங்கியபோது, நான் சாட்சிக் கூண்டில் நின்று களவு போனது புதன்கிழமை இரவு என்றேன். முறைப்பாட்டில் செவ்வாய் என்று இருந்தது. மோட்டரின் நிறமும் வேறு. "இது உங்கள் கையெழுத்துத்தானே?" என்று கேட்டார் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி. என் கையெழுத்துத்தான். அதற்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று அன்றைக்குத்தான், மொழிபெயர்ப்பாளர் வாசிக்கக் கேட்டேன். எதிரி விடுதலையானார். அவர் எடுத்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சந்தையில் அவரைக் காணும்போது நான்தான் தலையைக் குனிகிறேன்.

என் நட்டம் ஒரு மோட்டர். சிங்கராசா என்ற தமிழர் 1993 இல் கைதானார். அவருக்குத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதல் வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரலைப் பதித்தார்கள். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்தால் அந்த வாக்குமூலம் செல்லும். பலவந்தமாக வாங்கியது என்று நிரூபிக்கும் பாரம் எதிரியின் தலையில். நான் மேலே சொன்ன 1895 ஆம் ஆண்டுப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. 50 ஆண்டுச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆனது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004 இல் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று சொன்னது. 2006 இல் நமது உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இப்படிப்பட்ட கடதாசிகளால் எத்தனை வீடுகள் இருண்டன என்று அறிந்த ஊர் நம்முடையது. நாமே "இரண்டு போட்டால் என்ன?" என்று கேட்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நீதிமன்றத்தை நம்பு என்று சும்மா சொல்ல நான் வரவில்லை. மிருசுவிலில் 2000 டிசம்பரில் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் இராணுவச் சார்ஜன்ட் ஒருவருக்கு 2015 இல் மரண தண்டனை கிடைத்தது, 2019 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பதினைந்து வருடமாக இழுபட்ட அந்த வழக்கை 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் ஒரு கையெழுத்து இல்லாமல் ஆக்கியது. அவர் விடுதலையாகிப் போனார். அந்தக் குடும்பங்களிடம் போய் நம்பிக்கை பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

உங்கள் வழக்கு இன்னும் கையை விட்டுப் போகவில்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு சொல்வது இதுதான்: வாய்மொழியாகக் கொடுக்கும் முறைப்பாட்டை, கொடுத்த மொழியிலேயே எழுதி, கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அலுவலரால் முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே எழுதித் தரச் சொல்ல வேண்டும். மோட்டர் களவு போன அன்று இதை நான் அறிந்திருக்கவில்லை. அம்மாவின் முறைப்பாட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு சட்டத்தரணி மூலம் பாருங்கள். பிழை இருந்தால் மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம், இம்முறை தமிழில், அம்மா சொல்லச் சொல்ல நீங்களே எழுதி. அடையாள அணிவகுப்பு ஏன் நடக்கவில்லை என்று அடுத்த தவணையில் கேட்கச் சொல்லுங்கள். சங்கிலி அறுப்பு நடந்த இடத்துக்குப் பக்கத்துக் கடைகளில் கமரா இருந்ததா என்று பொலிஸ் பார்த்ததா? அதையும் கேளுங்கள்.

அந்தப் பெடியன் அம்மாவை ஒரு சொல் மிரட்டினாலும், வழிமறித்தாலும், திகதியும் நேரமும் எழுதி வைத்துக்கொண்டு உடனே மன்றுக்கு அறிவியுங்கள். சாட்சியோடு விளையாடினால் பிணையை இரத்துச் செய்யலாம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டமும் இருக்கிறது. அவன் தன்பாட்டில் ஒழுங்கையால் போகிறான் என்றால், அது அவனுடைய ஒழுங்கையும்தான்.

அதுவரை அம்மாவைத் தனியே விடவேண்டாம். விடியற்காலைப் பூசைக்கு அயலில் நாலைந்து பேர் சேர்ந்து போகலாமே, கேட்டுப்பாருங்கள். தவணைத் திகதியை எனக்கு எழுதுங்கள். நான் காலையிலேயே வந்து பின் வாங்கில் உங்களோடு இருக்கிறேன்.