தூண்டில் கட்டும் முன் தண்ணீரைப் பாருங்கள்

இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சொந்தமாக ராடு, அதாவது தூண்டில் கழி, கட்டுவதைப் பற்றியவை. படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கரையில் நிற்கப் போகிறீர்கள், அங்கே தண்ணீர் எவ்வளவு ஆழம், எந்த மீன் கிடைக்கும் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் ராடைப் பற்றி யோசிக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளக் கடைக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு நாள் கரையில் சும்மா உட்கார்ந்து, அங்கே தினமும் தூண்டில் போடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தாலே போதும்.

“அண்ணா, எங்க தோட்டத்து வேலியில கல்மூங்கில் நிறைய இருக்குதுங்க. கீழ்பவானி வாய்க்கால்ல கெண்டை பிடிக்க அதுலயே கழி செய்யலாமுங்களா? எப்ப வெட்டறது?” – கோபிசெட்டிபாளையம் வாசகர்

தாராளமாகச் செய்யலாம் தம்பி. வாய்க்காலுக்கு ரீல் வைத்த ராடை விட மூங்கில் கழியே மேல் என்பது என் கருத்து. அங்கே தூர வீச வேண்டிய வேலை இல்லை. பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித் தக்கையைச் சத்தமில்லாமல் இறக்கத் தெரிந்தால் போதும். கல்மூங்கிலில் உள்துளை மிகச் சிறியது, சில கழிகளில் துளையே இருக்காது. அந்தக் கெட்டித்தனம்தான் நமக்கு வேண்டியது.

மழைக்காலம் முடிந்து மார்கழி, தையில் வெட்டுங்கள். மழையில் வெட்டிய மூங்கிலில் ஈரமும் மாவுச்சத்தும் அதிகமாக இருக்கும். பொடிவண்டு தேடி வருவது அந்த மாவுச்சத்துக்குத்தான். தேய்பிறையில் வெட்டச் சொல்வார்கள் பெரியவர்கள், முடிந்தால் அதையும் பாருங்கள். ஆனால் மாதம் தவறக் கூடாது. கழி மூன்று வயதாவது முற்றியிருக்க வேண்டும். இளங்கழி காயும்போது சுருங்கிக் கோணிவிடும். கிளையைச் சீவும்போது கணுவில் கத்தி இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டியதை இரண்டு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து பெருமளவு கரைந்துவிடும். பிறகு நிழலில் செங்குத்தாகக் கட்டி, இரண்டு மாதமாவது காய விடுங்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். கோணல் இருந்தால் தணலில் காட்டி, சூடு ஆறும் முன் நிமிர்த்திப் பிடித்து ஈரத்துணியால் ஒற்றுங்கள். தீ நேராகப் படக் கூடாது.

கழியில் தூண்டில் நரம்பு கட்டும்போது பலர் நுனியில் மட்டும் முடிச்சுப் போட்டு விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நுனியில் ஒரு கட்டுப் போட்டு, கழியை ஒட்டியே நரம்பைக் கீழே கொண்டுவந்து, இரண்டு மூன்று கணுவுக்குக் கீழே கெட்டியான இடத்தில் இன்னொரு கட்டுப் போடுங்கள். நுனி முறிந்தாலும் மீன் கையை விட்டுப் போகாது. தூண்டில் முள்ளையும் நரம்பையும் இழுத்துக்கொண்டு போய் அந்த மீன் எங்கோ சிக்கிச் சாவதும் நடக்காது.

“ஃபைபர் பிளாங்க் (வளையம் கட்டாத வெறும் கழி) வாங்கி முதல் ராடு கட்டினேன். எபாக்ஸி முழுக்கக் குமிழ். மீன் இழுத்தால் நரம்பு ராடு மேலேயே உரசுகிறது.” – திருப்பூர்

எபாக்ஸி என்பது வளையங்களைக் கட்டிய நூல் மேல் பூசும் பசை. அதில் குமிழ் பெரும்பாலும் கலக்கும்போது வருவது. பசை, கெட்டியாக்கி இரண்டையும் ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து எடுங்கள், கண்ணளவு வேண்டாம். அவசரப்படாமல் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். கலந்ததைக் குவளையிலேயே வைக்காமல் அலுமினியத் தாளில் மெல்லப் பரப்பினால் காற்று தானாக வெளியேறும், சீக்கிரம் இறுகியும் போகாது. ஒரே பூச்சாகத் தடிமனாக அப்பாமல், மெல்லிய பூச்சாக இரண்டு தடவை பூசுங்கள். இறுகும் வரை ராடு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். மோட்டார் இல்லாவிட்டால் கையாலேயே சில நிமிடத்துக்கு ஒருமுறை அரைச்சுற்றுத் திருப்புங்கள். அடைமழை நாளில் பூசாதீர்கள், ஈரக்காற்றில் மேற்பரப்பு மங்கும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் வளையம் கட்டிய நூலில் பிசிறு தெரிகிறது. அது பஞ்சிழையாகத் திரித்த தையல் நூல். அதன் பிசிறு பூச்சைத் துளைத்துக்கொண்டு நிற்கும். இழை அறாத நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல் கேளுங்கள். திருப்பூரில் இருந்துகொண்டு நூலுக்கு அலைய வேண்டியதில்லை.

உரசலுக்குக் காரணம் நரம்பு ஓடும் கைடு வளையங்களின் இடைவெளி. அச்சடித்த அளவுத் தாளை நம்பி நூல் சுற்றிவிடாதீர்கள். முதலில் வளையங்களை டேப் போட்டு ஒட்டி, நரம்பைக் கோத்து, நுனியில் எடை கட்டி ராடை நன்றாக வளைத்துப் பாருங்கள். நரம்பு எங்கே ராடைத் தொடுகிறதோ அங்கே வளையத்தை நகர்த்துங்கள், தேவையானால் ஒன்று கூட்டுங்கள். நுனியை நெருங்க நெருங்க இடைவெளி குறைய வேண்டும். ஸ்பின்னிங் ரீல் என்றால் வளையங்கள் ராடின் அடிப்பக்கம் வரும், ரீலுக்கு அருகில் இருப்பது எல்லாவற்றிலும் பெரியது. ஸ்பைன், அதாவது பிளாங்கில் மற்றப் பக்கங்களை விட விறைப்பாக இருக்கும் பக்கம், பற்றியும் கேட்டிருந்தீர்கள். ராடு எந்தப் பக்கம் நேராகத் தெரிகிறதோ அதற்கே நான் முதலிடம் கொடுப்பேன். நுனி வளையத்தை மட்டும் எபாக்ஸியால் ஒட்டாதீர்கள். சூடுகாட்டினால் இளகும் பசைக்குச்சி போதும். அடிக்கடி உடைவது அந்த வளையம்தான், மாற்ற வசதியாக இருக்க வேண்டும்.

ஈரோட்டிலிருந்து ஒருவர், காவிரியில் எந்நேரமும் ஜிலேபி மீனே மாட்டுகிறது, கட்லாவும் ரோகுவும் வருவதே இல்லை என்கிறார்.

தக்கையை எந்த ஆழத்தில் வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மீனின் வாயைப் பார்த்தாலே அது எங்கே மேயும் என்று தெரிந்துவிடும். கட்லாவுக்கு வாய் மேல் நோக்கியது, மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுத்தண்ணீர். மிர்கால் வாய் கீழ்ப்பக்கம் இருப்பதால் தரையைத் துழாவும். மூன்றுக்கும் ஒரே ஆழத்தில் முள்ளைப் போட்டால் எப்படி வரும்?

ஜிலேபி ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட, 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். கரையோரம் கூட்டமாக நின்று, மண்புழு போட்டால் முதலில் வந்து கொத்தும். அதனால் மண்புழுவை விடுங்கள். கடலைப்புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து, கொஞ்சம் மைதா சேர்த்து, எலுமிச்சை அளவுக்குக் கெட்டியாக உருட்டிப் போடுங்கள். சின்ன வாய்க்காரர்களால் அதை விழுங்க முடியாது. கரையை விட்டுத் தள்ளிப் போடுங்கள், பொறுமையாக இருங்கள்.

“கார்பன் ராடு வைத்துக்கொண்டு மின்கம்பிக்கு அடியில் போகலாமா?” – மேட்டூர்

போகவே கூடாது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கம்பி போகும் இடத்தில் ராடைப் பிரித்துக் கிடைமட்டமாகத் தூக்கிப் போங்கள். இடி இடித்தால் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு விலகுங்கள். மழையில் நனைந்த மூங்கிலுக்கும் இது பொருந்தும்.

“குளத்தில் சிவப்பாக விரால் குஞ்சுக் கூட்டம் மிதக்கிறது. அதன் மேல் ரப்பர் தவளையை வீசினால் தாய் விரால் உடனே பாய்கிறது. இது சரியா?” – சூலூர்

வேண்டாம் தம்பி. குஞ்சுகளுக்குக் காவலாகப் பெரிய விரால் அடியிலேயே நிற்கும். பசியால் இல்லை, காவலுக்காகத்தான் பாய்கிறது. அதைத் தூக்கிவிட்டால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்களும் கொக்குகளும் சீக்கிரமே தீர்த்துவிடும். அடுத்த வருடம் அதே குளத்தில் நீங்கள் தேடுவது அந்தக் குஞ்சுகளைத்தான். ஆகாயத்தாமரை ஓரங்களில் தனியாக மேலே வந்து காற்றுக் குடிக்கும் விராலைக் குறிவையுங்கள். அது சுத்தமான விளையாட்டு.

“பவானியில் பெரிய செதிலோடு, துடுப்பெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் மாட்டியது. மகசீர் என்றார்கள். வைத்துக்கொள்ளலாமா?” – சிறுமுகை

தயவுசெய்து விட்டுவிடுங்கள். தலைக்குப் பின்னால் திமில் போல் உயர்ந்து, வாலும் துடுப்பும் ஆரஞ்சாக இருந்தால் அது திமில் மகசீராக இருக்க வாய்ப்புண்டு. காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் அந்த இனம் கிடையாது. 1946-ல் கபினியில் 120 பவுண்டு எடையில் ஒன்று பிடிபட்டது. அப்பேர்ப்பட்ட மீன் 2018-ல் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. நம் பவானியில் வந்து கலக்கும் மோயாறு, அது இன்னும் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் ஒன்று.

விடுவதிலும் முறை இருக்கிறது. கரையில் போட்டுப் புரள விடாதீர்கள். கையை நனைத்துக்கொண்டு, மீன் தண்ணீரிலேயே இருக்க முள்ளைக் கழற்றுங்கள். முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூரைக் குறடால் முன்பே நசுக்கி வைத்திருந்தால் ஒரு நொடி வேலை. தலை நீரோட்டத்தைப் பார்த்திருக்குமாறு பிடியுங்கள். தானாகத் திமிறிப் போகும் வரை பொறுங்கள்.

“நான் பெண். சின்ன வயதில் அப்பாவோடு தூண்டில் போட்டிருக்கிறேன். இப்போது மறுபடி ஆசை. கரையில் எல்லாரும் ஆண்கள், ஆளுக்கோர் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். எப்படிப் போய்ச் சேருவது?” – கொடுமுடி

வாருங்கள் அம்மிணி. உங்கள் கடிதத்துக்குத்தான் இந்த முறை அதிகம் யோசித்தேன். முதல் நாள் தூண்டில் இல்லாமல் வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு காலையில் போங்கள். நெடுநாளாக வருகிற பெரியவர் ஒருவர் எந்தக் கரையிலும் இருப்பார். “இங்க என்னங்க மாட்டுது?” என்று அவரிடம் கேளுங்கள். தூண்டில்காரருக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது. மறுநாள் நீங்கள் வருவதற்குள் உங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்.

கரைக்கென்று எழுதாத சில ஒழுங்குகள் உண்டு. முன்னால் வந்தவருக்கு ஒரு ராடு நீளத்துக்கும் குறையாமல் இடம் விட்டு நில்லுங்கள். அடுத்தவர் நரம்பைத் தாண்டி வீசக் கூடாது. பக்கத்தில் ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டினால் உங்கள் நரம்பைச் சுருட்டிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அந்த ஓட்டத்தில்தான் சிநேகம் பிறக்கிறது. இரை மிஞ்சினால் கொடுத்துவிட்டுப் போங்கள். அறுந்த நரம்பை மட்டும் கரையில் போடாதீர்கள், கொக்கின் காலில் சுற்றினால் எடுத்துவிட ஆள் கிடையாது.

கரையில் இருக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெண் ராடோடு வந்தால் வெறித்துப் பார்க்காதீர்கள், கேட்காமல் பாடம் எடுக்காதீர்கள். தக்கை முங்கினால் மட்டும் குரல் கொடுங்கள், அது யாருக்கும் செய்வதுதான்.

“பவானிசாகர், அமராவதி அணைகளில் தூண்டில் போட அனுமதி வேண்டுமா?” – உடுமலை

வேண்டும். அணைகளின் மீன்பிடி உரிமை மீன்வளத் துறை வழியாக நடப்பது. ஊர்க் குளங்களும் பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். அணையில் மீன்வள அலுவலகத்திலும், குளத்தில் குத்தகைதாரரிடமும் கேட்டு, சரி என்றால் மட்டும் போடுங்கள். பவானிசாகரின் நீர்ப்பரப்பை ஒட்டியது 2013-ல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். யானை தண்ணீருக்கு இறங்கும் இடம், வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. அமராவதியில் முதலை உண்டு. அங்கே முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட இறங்கி நிற்காதீர்கள்.