பதில்: எடை இடிக்கிறது, அறிக்கையை மாற்றச் சொல்கிறார்கள்

வணக்கம். சியாபு (மெத்தம்ஃபெட்டமின் போதைப்பொருள்) வழக்கில் போலீஸ் படிவத்தில் 50.9 கிராம், உங்கள் பினாங்கு ஆய்வகத் தராசில் நிகர எடை 49.1, படிவத்தோடு ஒத்துப்போக எழுதும்படி விசாரணை அதிகாரி போனில் சொன்னார் என்கிறீர்கள். எழுதவே எழுதாதீர்கள். 50 கிராமைத் தொட்டால் மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தில், வைத்திருந்தவர் கடத்தினார் என்ற அனுமானம் வந்துவிடும். தூக்குவரை போகக்கூடிய குற்றச்சாட்டு அது.

முதலில் காலிப் பைகளைத் தனியே நிறுங்கள். பெரும்பாலும் போலீஸ் பையோடு எடை போட்டதுதான் காரணம். 1.8 கிராம் வந்தால் கணக்கு நேர். வராவிட்டால் சோதனையை நிறுத்தி, முத்திரைகளைப் படமெடுத்து, பிரிவுத் தலைவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அந்த போன் பேச்சையும் தேதி, நேரம், சொன்ன வார்த்தைகளோடு வழக்குக் குறிப்பில் பதியுங்கள். பழைய எண்ணை அழிக்கக் கூடாது. திருத்தம் இருந்தால் ஒற்றைக் கோடு, சுருக்கொப்பம், தேதி.