கடலுக்குள் ஒரு கேபிள், கரையில் இரண்டு கணக்கு

கேள்வி: பால்டிக் கடலில் டென்மார்க்கும் ஜெர்மனியும் தங்கள் காற்றாலைகளைக் கேபிள் போட்டு இணைத்திருக்கின்றன என்று படித்தேன். இதில் அப்படி என்ன சிரமம்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கேபிள் போட்டதுதான் இதில் சுலபமான வேலை. டென்மார்க்கின் கிரீகர்ஸ் ஃபிளாக் சுமார் 600 மெகாவாட். ஜெர்மனியின் பால்டிக் 2 காற்றாலை 288 மெகாவாட். இடைவெளி 30 கிலோமீட்டருக்கும் குறைவு. 150 கிலோவோல்ட் கேபிள் இரண்டு போட்டார்கள். டென்மார்க் பக்கம் 220 கிலோவோல்ட் என்பதால் கடல் மேடையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வைத்தார்கள். 2020 அக்டோபரில் இணைப்பு தொடங்கியது.

சிரமம் கிரிட்டில், அதாவது நாடுகளை இணைக்கும் மின்கம்பி வலையில். கிழக்கு டென்மார்க், ஸ்வீடன், நார்வேயோடு நார்டிக் கிரிட்டில் இருக்கிறது. ஜெர்மனி ஐரோப்பியப் பெருநிலக் கிரிட்டில். இரண்டும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் இரண்டு மிருதங்கம் ஒரே காலப்பிரமாணத்தில் வாசித்தாலும் அடி ஒன்றாக விழாவிட்டால் எப்படியோ, அப்படி. நேரடியாக இணைத்தால் அலைகளின் முன்பின் வித்தியாசமே பெரும் மின்னோட்டத்தை இழுக்கும், பிரேக்கர் விழுந்துவிடும். அதனால் ரோஸ்டாக் அருகே பென்ட்விஷ் துணைமின்நிலையத்தில் கன்வெர்ட்டர் வைத்தார்கள். ஒரு பக்கத்து மாறுதிசை மின்சாரம் அங்கே நேர்திசையாகி, மறுபக்கத்துத் தாளத்தில் மீண்டும் மாறுதிசையாகிறது. இதில் ஓர் அழகு உண்டு: கன்வெர்ட்டர் ஜெர்மன் கரையில் இருப்பதால், ஜெர்மனியின் இந்தக் கடல் காற்றாலைகள் இப்போது நார்டிக் கிரிட்டின் தாளத்தில் மின்சாரம் தருகின்றன!

அடுத்த சிக்கல் சட்டம். இணைப்பின் திறன் 400 மெகாவாட். நாடுகளுக்கு இடையிலான இணைப்பில் 70 சதவீதத்தை, அதாவது இங்கே 280 மெகாவாட்டை, வணிகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. ஆனால் நல்ல காற்றடிக்கும் நாளில் பால்டிக் 2-உம், அதே வழியில் இணைந்த சிறிய பால்டிக் 1 காற்றாலையும் சேர்ந்தே 336 மெகாவாட் அனுப்பும். டென்மார்க்கிலிருந்து ஜெர்மனிக்கு வணிக மின்சாரம் அனுப்ப மிச்சம் சுமார் 64 தான். விதியைப் பிடித்துக்கொண்டால் காற்றாலையை நிறுத்த வேண்டும், அது அநியாயம். காற்று மின்சாரத்துக்கே முதலிடம், மிச்சம்தான் வணிகத்துக்கு என்று 2020 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் இந்த இணைப்புக்கு விலக்கு கொடுத்தது. கேபிளுக்குக் கொடுக்கும் கவனத்தை இந்தப் பங்கீட்டுக்கும் ஆரம்பத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்பேன். முதலில் ஸ்வீடனும் சேர்வதாக இருந்தது, 2010-இல் விலகிக்கொண்டது.

கேள்வி: நம் மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலைக்கு வெளிநாட்டு ஒத்துழைப்பு ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நிதியில் 2013 முதல் 2018 வரை நடந்த ஃபோவிண்ட் திட்டம், குஜராத், தமிழ்நாடு கடல்களில் காற்றாலைக்கு ஏற்ற பகுதிகளை அடையாளம் கண்டது. 2024 ஜூனில் மத்திய அரசு ஒப்புக்கொண்ட 7,453 கோடி ரூபாய் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கடலுக்கு 500 மெகாவாட், குஜராத் கடலுக்கு 500 மெகாவாட்; அந்தத் தொகைக்குள்ளேயே 600 கோடி இரண்டு மாநிலத் துறைமுக மேம்பாட்டுக்கு. என்றாவது இலங்கையோடு கேபிள் இணைப்பு வந்தால் அதற்கும் கன்வெர்ட்டர் வேண்டும். இரண்டு நாட்டிலும் 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் தாளம் வேறு.