சோற்றை விட்டேன், சர்க்கரை ஏறியது

"சோற்றில் சத்தே கிடையாது, வெறும் மாவு என்கிறார்கள், அடியோடு நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்த வாரம் போலிருக்கிறது. அந்த வாரத்தில்தான் எல்லாருக்கும் சோற்றின் மேல் கோபம் வரும்.

எனக்கும் வந்தது. காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். நாலு வருடம் முன்பு வெறும் வயிற்றில் சர்க்கரை 168 என்று வந்ததும் அன்று மத்தியானமே சோற்றை விட்டேன். வேளைக்கு நாலு சப்பாத்தி. அப்புறம் ஆளாளுக்கு வந்து, கவுனி என்கிற கறுப்பரிசி சாப்பிடுங்கள், சர்க்கரைக்கு அதுதான் மருந்து என்றார்கள். எனக்கும் சந்தோஷம், பர்மாவுக்கு லேவாதேவிக்குப் போனவர்கள் கொண்டுவந்த அரிசி, எங்கள் வீட்டு விசேஷங்களில் அது இல்லாமல் பந்தி கிடையாது. ஆனால் எனக்குத் தெரிந்த கவுனி ஒன்றுதான்: ராத்திரி ஊறப்போட்டு, குழைய வேகவைத்து, சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறுவது. மூன்று மாதம் மருந்து மாதிரி தின்றேன். 191.

உணவு ஆலோசனை சொல்லும் பிள்ளை, என் மகள் வயதுதான் இருக்கும், தாளைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, கவுனி சரி, அதுல எத்தனை கரண்டி சீனி?" என்று கேட்டது. நான் பதிலே சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைதான் கணக்குப் போட்டுக் காட்டியது. சமைக்காத அரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரி, மாவுச்சத்து 78 கிராம், புரதம் 7 கிராம். கோதுமை மாவிலும் கலோரி கிட்டத்தட்ட அதே. நார்ச்சத்தும் புரதமும் கூடுதல், அவ்வளவுதான். நாலு சப்பாத்தியும் ஒரு தட்டுச் சோறும் ஏறக்குறைய ஒன்று. அரிசிப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய, அதனால் பருப்பும் சோறும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்த்துவிடும். இட்லியும் வெள்ளைப் பணியாரமும் அந்தக் கூட்டணிதான். (பணியாரம் எண்ணெயில் பொரிப்பது என்று எனக்கும் தெரியும், சண்டைக்கு வராதீர்கள்.)

சத்தே இல்லை என்று சொல்வது தவிட்டை உரித்த வெள்ளைப் பச்சரிசிக்கு ஓரளவு பொருந்தும். தீட்டும்போது பி1 வைட்டமின் தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லை அவித்தால் அதில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும், அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போகாது. புழுங்கலரிசி அதுதான். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, பின்கட்டில் பெரிய செப்பு அண்டாவில் நெல் அவிப்பார், தெரு முனை வரை வாசம் வரும். அந்த அண்டா இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். பங்காளிகள் வீட்டைப் பிரித்தபோது தேக்குத் தூணையும் நிலையையும் பழைய சாமான் கடைக்கு ஏற்றினார்கள், கூடவே அண்டாவும் போனது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண்பிள்ளைக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்றாராம் அண்ணன். தூணை விடுங்கள், அண்டாவையாவது கேட்டிருக்கலாம்.

சரி, உங்கள் கேள்வி. நான் டாக்டர் இல்லை, என் உடம்புக்கு நடந்ததைச் சொல்கிறேன். இப்போது மத்தியானம் ஒரு கிண்ணம் புழுங்கலரிசிச் சோறு, அதைவிடப் பெரிய கிண்ணத்தில் கீரையோ அவரைக்காயோ, கெட்டியாகப் பருப்பு. முன்பு சோறு மலையாகவும் காய் தொட்டுக்கொள்ளவும் இருந்தது, அதைத்தான் மாற்றினேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் HbA1c பரிசோதனையில் 6.9 சதவீதம் (முன்பு சொன்ன 168, 191 வேறு கணக்கு). மாத்திரையும் போடுகிறேன், இல்லாவிட்டால் சோற்றாலேயே குறைந்ததாக யாராவது எழுதிவிடுவீர்கள். கவுனி கல்யாண வீட்டில் மட்டும், இரண்டு கரண்டி. மூன்றாவது கரண்டி வைக்க வந்தால் வேண்டாம் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.