மண்டரின் தெரியாத ஆசிரியர், சீன மாணவர்களின் ஆங்கிலத்தை அளக்க முடியுமா?

கேள்வி: மகள் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் டெஸ்ல் பட்டம் முடித்துவிட்டு அரசாங்க போஸ்டிங்குக்குக் காத்திருக்கிறாள். இதற்கிடையே ஒரு சீனத் தனியார் இடைநிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சீனியர் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் வாசிப்பையும் சொல்வளத்தையும் சோதித்து வகுப்பு பிரித்துக் கொடுப்பதுதான் முதல் வேலையாம். இவளுக்கு மண்டரினில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. போகச் சொல்லலாமா? (ஈப்போவிலிருந்து ஒரு தாய்)

பதில்:

அம்மா, போகச் சொல்லுங்கள். போஸ்டிங் வரும்வரை சும்மா இருப்பதைவிட நல்லது என்பதற்காகச் சொல்லவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும் ஆங்கில ஆசிரியர்கள் நம் மலேசியாவில் நிறைய இருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு வாசிப்பு எந்த இடத்தில் தடுக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தத் திறமையைச் சம்பளத்தோடு கற்றுக்கொள்ளும் இடம் உங்கள் மகளுக்கு முதல் வேலையிலேயே கிடைக்கிறது.

அந்தப் பள்ளிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் உங்கள் பயம் குறையும். 1961 கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பயிற்றுமொழியை மாற்ற மறுத்து, அரசாங்க மானியம் இல்லாமலே நடத்துகிறோம் என்று நின்ற பள்ளிகள் அவை. இன்று நாடு முழுக்க 60க்கும் மேல் இருக்கின்றன. ஜொகூர் பாருவின் ஃபூன் இயூ அவற்றில் மிகப் பெரியது. ஜூனியர் 3 வருடம், சீனியர் 3 வருடம் படித்து, கடைசியில் சீனப் பள்ளி வாரியங்களின் சங்கமான டோங் சோங் 1975 முதல் நடத்திவரும் யூஇசி என்ற பொதுத் தேர்வை எழுதுவார்கள். பெரும்பாலான பாடங்கள் சீன மொழியில், ஆங்கிலம் தனிப் பாடம். தைவானுக்கோ சீனாவுக்கோ போகிற பிள்ளைகளுக்கு இதனால் சிக்கல் இல்லை. சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா என்றோ உள்ளூரில் கம்பாரில் இருக்கும் யூடார் பல்கலைக்கழகம் என்றோ போகிறவர்கள்தான் முதல் வருடத்திலேயே தடித்தடியான ஆங்கிலப் புத்தகங்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். பள்ளி இந்தச் சோதனையை இப்போதே செய்ய நினைப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

இனி எழுதுவதை மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

தங்கை, நீங்கள் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். சொல்வளத்துக்குத் தனி மதிப்பெண், வாசிப்புக்குத் தனி மதிப்பெண். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை ஊகிக்காதீர்கள். சீன வழிப் பிள்ளைகளிடம் இந்த இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகி நிற்பதை அடிக்கடி பார்ப்பீர்கள். பட்டியலில் உள்ள சொற்களை மனப்பாடம் செய்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். சீன எழுத்துகளை ஆயிரக்கணக்கில் எழுதி எழுதி நினைவில் ஏற்றிய பிள்ளைகளுக்கு, ஆங்கிலச் சொல்லும் அதன் சீனப் பொருளுமாக ஒரு வரிசையை நெட்டுருப் போடுவது பெரிய வேலையே இல்லை. அகர வரிசையில் போகும் சொற்புத்தகத்தில் தொடக்கத்திலேயே வரும் 'அபேன்டன்' (கைவிடு) என்ற சொல்லைத் தாண்டாதவர்கள் என்று தம்மைத் தாமே கிண்டல் செய்துகொள்வது சீன மாணவர்களிடம் பழைய வேடிக்கை. உங்கள் வகுப்பில் அதைத் தாண்டி ஐயாயிரம்வரை போனவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் ஒரு நாளிதழ்த் தலையங்கத்தைக் கொடுத்தால் மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிடுவார்கள்.

சொல்வளத்தை அளக்கச் சொந்தமாகக் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டாம். நியூசிலாந்தின் பால் நேஷன் 1983இல் வெளியிட்ட சொல்நிலைச் சோதனையும், அதை வெப், சசாவ், பாலன்ஸ் மூவரும் 2017இல் புதுப்பித்த வடிவமும் இருக்கின்றன. புதிய வடிவத்தில் அதிகம் புழங்கும் முதல் ஆயிரம் சொற்களிலிருந்து ஐந்தாம் ஆயிரம்வரை ஐந்து நிலைகள், நிலைக்கு 30 கேள்விகள். முதல் மூன்று நிலைகளில் 30க்கு 29 வாங்கினால்தான் அந்த நிலை கைவசம் என்று கணக்கு. அடுத்த இரண்டுக்கு 24 போதும். கீழ்நிலைகளுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பீர்கள். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அதிகம் வருவது அந்தச் சொற்கள்தான். இரண்டாம் ஆயிரத்தில் ஓட்டை இருக்கும் பிள்ளைக்கு ஐந்தாம் ஆயிரத்தைச் சொல்லிக் கொடுத்துப் பலனில்லை.

நேஷனும் பெக்லரும் 2007இல் கொண்டுவந்த சொல்லளவுச் சோதனை இன்னொன்று. 140 கேள்விகள், சரியான விடை ஒவ்வொன்றையும் 100ஆல் பெருக்கினால் மொத்தச் சொற்குடும்பங்களின் உத்தேச எண்ணிக்கை கிடைக்கும் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம்). இதற்கு மண்டரின் வடிவமும் உண்டு. ஆங்கில வடிவத்தில் விடைகளைப் படித்துப் புரிந்துகொள்ளவே ஆங்கிலம் வேண்டும் என்பதால், முடிந்தால் மண்டரின் வடிவத்தையே கொடுங்கள். திருத்துவதற்கு விடைக்குறிப்பு போதும், உங்களுக்கு மண்டரின் தேவைப்படாது. ஆனால் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் குருட்டு யோகத்துக்கே 25 விழுக்காடு கிடைத்துவிடும், தேர்வுகளிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் கிடைக்கும். அதனால் பத்து இருபது சொற்களை மட்டும் தனியே கொடுத்து, பொருளை எழுதச் சொல்லுங்கள். சீனத்திலோ மலாயிலோ எழுதட்டும், சீனத்தில் எழுதியதைச் சக ஆசிரியர் பார்த்துச் சொல்வார். இன்னொரு தந்திரமும் உண்டு. 'இந்தச் சொல் தெரியுமா, தெரியாதா' என்று டிக் போடச் சொல்லும் பட்டியலில், ஆங்கிலம்போலத் தோன்றும் இல்லாத சொற்கள் சிலவற்றைக் கலந்துவிடுவது. அவற்றுக்கும் 'தெரியும்' போட்டவரின் மதிப்பெண்ணை அப்படியே நம்ப முடியாது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் இந்தச் சோதனைகள் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளைத்தான் கேட்கின்றன. மனப்பாடமும் ஒரு பொருளோடு நின்றுவிடுகிறது. 'அட்ரஸ்' என்றால் வீட்டு முகவரி என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு பிரச்சினையை 'அட்ரஸ்' செய்வது என்று வந்தால் திகைப்பார்கள். 'புட் அப் வித்' என்ற தொடரில் மூன்று சொற்களும் முதல் ஆயிரத்துக்குள் இருப்பவை, சேர்த்து வாசித்தால் பொறுத்துக்கொள்வது என்ற பொருள் பலருக்கும் தெரிவதில்லை. மதிப்பெண் பட்டியலில் இந்த ஓட்டை தெரியவே தெரியாது, வாசிக்க வைத்தால்தான் தெரியும்.

அதனால் வாசிப்பைத் தனியாகச் சோதியுங்கள். சுமார் 300 சொற்கள் உள்ள ஒரு பகுதியைக் கொடுத்து, தெரியாத சொற்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஆறு கோடுகளுக்குள் இருந்தால் 98 விழுக்காடு தெரிகிறது, யார் துணையும் இல்லாமல் வாசிக்க அது போதும் என்று ஹூவும் நேஷனும் 2000இல் செய்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 15 கோடுகள் என்றால் 95 விழுக்காடு, ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் சமாளிக்கலாம். அதற்கு மேலே போனால் அந்தப் பிள்ளையிடம் கேட்பது வாசிப்புக் கேள்வி அல்ல, ஊகக் கேள்வி. நாவலோ நாளிதழோ 98 விழுக்காடு புரிய 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது நேஷன் 2006இல் சொன்ன கணக்கு. இந்த எண்ணைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள், அடுத்த நாளே எல்லா வீட்டிலும் ஒரு புதிய சொற்புத்தகம் இருக்கும்.

கோடு ஆறுக்குள் இருக்கிறது, ஆனாலும் பகுதி புரியவில்லை என்று ஒரு கூட்டம் வரும். உங்கள் வேலையில் சுவாரசியமான இடம் இதுதான். அதே அளவுள்ள இன்னொரு பகுதியை நீங்கள் வாசித்துக் காட்டி, கேட்டு விடை சொல்லச் சொல்லுங்கள். கேட்டால் புரிகிறது, படித்தால் புரியவில்லை என்றால் எழுத்தை ஒலியாக்கும் இடத்தில் தடங்கல். கேட்டாலும் புரியவில்லை என்றால் தடங்கல் மொழியிலேயே இருக்கிறது. எழுத்தைப் படிக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றையொன்று பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு என்று கஃப், டன்மர் இருவரும் 1986இல் சொன்னதை பட்டப்படிப்பில் ஒரு பக்கமாகப் படித்திருப்பீர்கள். வகுப்பில் அது பத்து நிமிடச் சோதனை.

எழுத்தை ஒலியாக்குவது பற்றி ஓர் எச்சரிக்கை. ஆங்கிலம்போலத் தோன்றும் இல்லாத சொற்களை உச்சரித்து வாசிப்பது ஹாங்காங் மாணவர்களுக்குக் கடினமாக இருந்தது, சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் படித்த சீனப் பெருநில மாணவர்கள் அதில் தேவலாம் என்று ஹோமும் டாட்டும் 1996இல் காட்டினார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பழக்கமில்லாதவர்கள் ஆங்கிலச் சொல்லையும் ஒரு முழு உருவமாகவே பார்க்கிறார்கள் என்பது அதன் சாரம். இதை அப்படியே நம் பிள்ளைகள்மேல் ஒட்டிவிடாதீர்கள். அவர்கள் பின்யினும் படித்தவர்கள், ரூமி என்னும் ரோமன் எழுத்தில் மலாயும் படித்தவர்கள். அவர்களிடம் வேறு விதமான பிழை வரும். மலாயில் எழுதியதை எழுதியபடியே வாசிக்கலாம், அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தையும் எழுத்தெழுத்தாக உச்சரிப்பார்கள். சத்தமாக வாசிக்கச் சொன்னால் முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடலாம்.

மலாய் இன்னொரு வகையில் கைகொடுக்கும். எகோனோமி, தெக்னோலோகி, கோமுனிகாசி என்று ஆங்கிலத்தோடு உறவுள்ள சொற்கள் மலாயில் ஏராளம். தைவான் மாணவருக்குக் கிடைக்காத இலவசச் சொற்கள் இவை. ஆகவே தைவானிலிருந்தோ சீனாவிலிருந்தோ வரும் பயிற்சிப் புத்தகத்தின் அளவுகோலை இங்கே அப்படியே வைத்து 'இந்த வகுப்பு முன்னே, அந்த வகுப்பு பின்னே' என்று முடிவு கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மலாய் பொது மொழி. வாசித்ததை மலாயில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். சிலருக்கு மலாய் தடுமாறும், அப்போது சக ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் வாக்கிய அமைப்பு. இதில் உங்களுக்கு இருக்கும் சௌகரியம் வேறு ஆசிரியர்களுக்கு இல்லை. 'அமைச்சர் நியமித்த குழு வெளியிட்ட அறிக்கை' என்று நாம் சொல்வோம். மண்டரினிலும் இதே வரிசைதான், அமைச்சரில் தொடங்கி அறிக்கையில் முடியும். ஆங்கிலத்தில் அறிக்கை முதலில் வந்துவிடும், குழுவும் அமைச்சரும் அதன் பின்னால் தொங்குவார்கள். சீனப் பிள்ளை அங்கே யார் எதைச் செய்தார் என்று தொலைந்துபோவது ஏன் என்று தமிழ் வீட்டில் வளர்ந்த உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சோதனைப் பகுதியில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் இரண்டு மூன்றைத் தேர்ந்து வைத்து, 'வெளியிட்டது யார், நியமித்தது யார்' என்று நேராகக் கேளுங்கள். காலம் காட்டும் விகுதிகளையும் அப்படியே சோதியுங்கள். மண்டரினில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது, அதனால் ஆங்கிலத்தில் கடந்த காலம் காட்டும் 'ஈடி' விகுதியைக் கண் தாண்டிப் போய்விடும். சம்பவங்கள் முன்பின்னாகப் புரியும்.

வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், பள்ளிகள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஎல்ட்ஸ் அகடமிக்கின் வாசிப்புத் தாளில் 60 நிமிடம், 40 கேள்விகள், மூன்று பகுதிகளும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள். நிமிடத்துக்கு 100 சொல் வேகத்தில் வாசிக்கும் பிள்ளைக்கு ஒருமுறை வாசித்து முடிக்கவே சுமார் 25 நிமிடம் போய்விடும். திரும்ப ஒருமுறை வாசித்தால் விடை எழுத 10 நிமிடம்தான் மிஞ்சும். அந்தப் பிள்ளைக்குச் சொற்பட்டியல் இன்னொன்று கொடுப்பதைவிட, எளிய கதைப் புத்தகங்களை மளமளவென்று வாசிக்க விடுவதுதான் மருந்து.

வகுப்பு பிரிக்கும்போது மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து ஏ, பி, சி என்று வெட்டச் சொல்வார்கள். முடிந்தவரை எதிர்த்துப் பேசுங்கள். சொல் தெரியாமல் நிற்பவரையும், சொல் தெரிந்தும் வாக்கியத்தில் தொலைபவரையும், எல்லாம் தெரிந்து மெதுவாக வாசிப்பவரையும் ஒரே 55 மதிப்பெண் ஒரே வகுப்பில் உட்கார வைத்துவிடும். நிர்வாகம் ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரிக் குறிப்பாவது எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று வருடம் இப்படி வேலை பார்த்தால் அந்தக் குறிப்புகளே உங்கள் முதுகலை ஆய்வுக்கு மூலப்பொருள் ஆகும், பள்ளியிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கிக்கொண்டால் போதும். மலாயா, யூபிஎம், யூஎஸ்எம் பல்கலைக்கழகங்கள் மூன்றிலும் இந்தத் துறையில் மேலே படிக்கலாம். ஐஎல்ட்ஸ் தேர்வாளர் வேலைக்கும் பட்டத்தோடு கற்பித்த அனுபவம் கேட்பார்கள். ஆங்கில ஆசிரியர்களின் மெல்டா சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள், அதன் மாநாடுகளில் சோதனைத் துறைக்காரர்களைச் சந்திக்கலாம்.

அம்மா, உங்களுக்கு இரண்டு காரியம். வேலைக்கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன், ஆசிரியர் அனுமதிச் சான்றான பெர்மிட் மெங்காஜாருக்குப் பள்ளி விண்ணப்பிக்குமா, இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி எந்த மாதத்திலிருந்து கட்டுவார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டால் எத்தனை மாத நோட்டீஸ் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். போஸ்டிங் திடீரென்று வந்தால் அதுதான் முதலில் தேவைப்படும்.