முதல் ஆளை எங்கே தேடுவது?

கேள்வி: ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தின் சோப்பு, ஷாம்பு, தரை துடைக்கும் திரவம் முதலியவற்றை ஒன்றரை ஆண்டாக விற்று வருகிறேன். முப்பது வீடுகளில் வாடிக்கையாக வாங்குகிறார்கள். இனி எனக்குக் கீழே விற்பவர்களைச் சேர்த்து டீம் கட்ட வேண்டும், உறவினர், நண்பர் என்று நூறு பெயர்களை எழுதி எல்லோரிடமும் பேசுங்கள் என்கிறார் என்னைச் சேர்த்துவிட்ட என் அப்லைன். முதலில் நாத்தனாரிடம் பேசினேன். அன்றிலிருந்து அவர் என் போனையே எடுப்பதில்லை. முதல் ஆளை எப்படிச் சேர்ப்பது?
- வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் நாத்தனாருக்குக் கோபத்தைவிட, மறுபடியும் ஆள் சேர்க்கும் பிளான் காட்ட வந்துவிடுவீர்களோ என்ற அச்சமே அதிகம் இருக்கும். பொருளைப் பற்றி வாய் திறக்காமல், ஒரு முறை நலம் விசாரித்துவிட்டு வாருங்கள்.

நூறு பேர் பட்டியலை மூடி வைத்துவிட்டு, உங்கள் ஆர்டர் நோட்டை எடுங்கள். நீங்கள் நினைவூட்டாமலேயே மூன்றாவது, நான்காவது முறை வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள். அவர்களுள்ளும், தம் ஆர்டரைச் சொல்லிவிட்டு, “எதிர்வீட்டு அக்காவுக்கும் ஒன்று சேர்த்துப் போடுங்கள்” என்று சொல்பவர் ஒருவராவது இருப்பார். கமிஷன் ஏதும் வாங்காமல் அவர் ஏற்கெனவே உங்களுக்காக விற்றுக்கொண்டிருக்கிறார். நீங்கள் முதலில் கேட்க வேண்டியவர் அவர்தான். பொருளைப் பயன்படுத்தாத உறவினர் உங்கள் முகத்துக்காக ஐ.டி. போட்டு உறுப்பினராகச் சேருவார், இரண்டாம் மாதமே நின்றுவிடுவார், அந்த மனத்தாங்கல் மட்டும் ஒவ்வொரு விசேஷத்திலும் உங்களோடு வந்து உட்காரும்.

அந்த வாடிக்கையாளரிடம் “நல்ல வாய்ப்பு இருக்கிறது, கூட்டத்துக்கு வாருங்கள்” என்று மறைத்துப் பேசாமல், எந்த நிறுவனம், என்ன வேலை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பிறகு உங்கள் கணக்கைக் காட்டுங்கள். மாதம் 18,000 ரூபாய்க்கு விற்று, அதில் 20 சதவீதம் உங்களுக்கு என்றால் 3,600 ரூபாய். அதிலிருந்து பெட்ரோல், இலவசமாகக் கொடுத்த மாதிரிகள், வசூலாகாத பாக்கி, விற்பனைக்கான பாயின்ட் குறைகிறதே என்று மாதக் கடைசியில் நீங்களே வாங்கி அலமாரியில் அடுக்கிய பாட்டில்கள் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, கையில் நிற்பது எவ்வளவோ அதைச் சொல்லுங்கள். மேடையில் காட்டப்படும் காரையும் வெளிநாட்டுப் பயணத்தையும் நம்பி வருகிறவரைவிட, இந்தச் சிறு தொகையைக் கேட்டும் “பரவாயில்லை, முயன்று பார்க்கிறேன்” என்பவரே நிலைத்து நிற்பார்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசு 2021 டிசம்பரில் அறிவித்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளின்படி, விற்பவர் நிறுவனத்தோடு முன்கூட்டியே எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது. நிறுவனம் அங்கீகரிக்காத குணங்களைப் பொருளின் மீது ஏற்றிச் சொல்லவும் கூடாது. சேரலாமா என்று யோசிப்பவரை, விளக்கப் புத்தகத்தையோ செய்முறைப் பொருள்களையோ வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதற்கும் தடை உண்டு. ஆகவே, அப்படிப்பட்ட பொருள்கள் அடங்கிய கிட் வாங்கினால்தான் உள்ளே வரலாம் என்று உங்கள் அப்லைன் சொன்னால், அந்த இடத்தில் நீங்கள் உடன்படாதீர்கள். விற்பனையே இல்லாமல் ஆள் சேர்த்ததற்காக மட்டும் பணம் வருகிறது என்றால், அது பிரமிடு திட்டம். அதே விதிகள் அதைத் தடை செய்கின்றன. அப்படியென்றால் யாரையும் கூப்பிட வேண்டாம், நீங்களே வெளியேறிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன், இரண்டு சனிக்கிழமைகள் அவரை உங்களோடு வரச் சொல்லுங்கள். வாடிக்கையாளரிடம் முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். நீங்கள் விற்பதை அவர் பார்க்கட்டும். கதவைத் திறக்காத வீடு, பாதி பாட்டில் தீர்ந்த பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்கும் வீடு, அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்லும் வீடு எல்லாவற்றையும் பார்த்த பிறகு அவர் முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால், அவருடைய வழக்கமான ஆர்டரை எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த வீட்டில் இந்தப் பேச்சை மறுபடி எடுக்காதீர்கள்.