கால்வாய்த் தண்ணீரைக் கலக்குவது யார்?

கேள்வி: அண்ணாச்சி, வீரவநல்லூர் பக்கம் கன்னடியன் கால்வாயில் தினமும் குளிக்கிறவன் நான். பிசானப் பருவ நெல் நடவு தொடங்கிவிட்டால் தண்ணீர் டீ மாதிரி ஆகிவிடுகிறது. மேலே வாழை போட்டவரை ஊரே திட்டுகிறது, அவரோ மழையைக் கைகாட்டுகிறார். உண்மையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, செலவும் இல்லை. லேபிள் கிழித்த ஒரு லிட்டர் பாட்டில்கள் ஏழெட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடையோ வடிகாலோ வந்து கால்வாயில் விழுகிற ஒவ்வொரு இடத்திலும் அதற்குக் கொஞ்சம் மேலே ஒன்று, கீழே ஒன்று, வடிகாலிலேயே ஒன்று என்று பிடியுங்கள். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கால் கிளப்பிய சேறே பாட்டிலுக்குள் வந்துவிடும். தண்ணீர் வேகமாக வந்தால் இறங்கவே வேண்டாம், கம்பில் பாட்டிலைக் கட்டிக் கரையிலிருந்தே எடுக்கலாம். இடமும் நேரமும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் ஒரு குலுக்குக் குலுக்கி ஜன்னலில் வரிசையாக வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். மணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும், வண்டலுக்குச் சில மணி நேரம் ஆகும், களிமண் மட்டும் நாலு நாள் ஆனாலும் மேலேயே மிதந்துகொண்டிருக்கும் (ஆச்சிமார் குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை உரசியது இந்தக் களியை இறக்கத்தான்). மேல் பாட்டில் தெளிந்து கீழ்ப் பாட்டில் மட்டும் கலங்கியிருந்தால் நடுவில் விழுகிற வடிகால்தான் ஆள். அடியில் படிந்தது செம்மண்ணா கரிசலா என்று பாருங்கள், எந்தக் காட்டு மண் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள்.

மழை பிடித்துத் தண்ணீர் ஏறும்போது ஒரு தடவை, மழையே இல்லாத நாளில் ஒரு தடவை எடுப்பது முக்கியம். வெயிலடிக்கிற நாளிலும் கலங்கி வந்தால் மழை மேல் பழி போட முடியாதே!

எனக்கென்னவோ வாழைக்காரர் மேல் அவ்வளவு சந்தேகம் இல்லை. நடவு நேரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தொழி அடித்த (சேற்றுழவு முடித்த) கையோடு மடையைத் திறந்து கலங்கல் தண்ணீரை வடிக்கிற வயல்களைத்தான் முதலில் பார்ப்பேன். ஓரிரு நாள் மடையை அடைத்து வைத்தால் பெரும்பாலான மண் வயலிலேயே படிந்துவிடும். அவசரப்பட்டு வடித்தால் மண்ணோடு போவது காசும்தான், ஏனென்றால் அடியுரத்தில் போட்ட மணிச்சத்து (பாஸ்பரஸ்) களிமண்ணில் ஒட்டிக்கொண்டே கிளம்பிவிடும். கீழே அது பாசிக்குத் தீனி, மண்ணோ மீனின் செவுளை அடைக்கும்.

சரி, உங்களுக்கும் வயல் உண்டா? இருந்தால் அதன் வடிகாலிலும் ஒரு பாட்டில் பிடித்துவிட்டு வாழைக்காரரிடம் போங்கள்.